விளம்பர எழுத்தும் ஓர் அமானிதமே

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற தொழில் வழிகாட்டல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

இந்த அமர்வில் நமக்கு முன் பேசியவர்கள் மருத்துவம், பொறியியல், கணக்கியல், அரசுத் தேர்வுகள் ஆகியவை குறித்து அழகாக எடுத்துரைத்தார்கள். நமக்கு ஒதுக்கப்பட்ட பொருள் அவற்றோடு ஒப்பிட மிகச் சிறியது. சிறுதொழில் செய்வோருக்கு விளம்பரம் எழுதிக் கொடுத்தல் என்பதே அது. கடைத் திறப்பு நோட்டீஸ், பொட்டலத்தின் மேல் ஒட்டும் சீட்டு, உள்ளூர் தொலைக்காட்சியில் ஓடும் நான்கு வரி, இன்றைய நாளில் கைப்பேசியில் அனுப்பும் செய்தி ஆகியவற்றை எழுதுவதே நமது பிழைப்பு. எவரிடமும் மாதச் சம்பளம் பெறாமல், எழுதிய எழுத்துக்குக் கூலி பெற்று வாழ்ந்து வருகிறோம்.

வெற்றிக் கதை ஒன்றைக் கூறுவதற்காக நாம் இங்கு வந்து நிற்கவில்லை. இத்தொழிலில் நாம் செய்த ஒரு தவற்றையும், அது நமக்குக் கற்பித்த பாடத்தையும் உங்கள் முன் வைப்பதே நமது நோக்கம்.

முதலில், இத்தொழிலுக்கு நாம் வந்து சேர்ந்த பாதையைச் சுருக்கமாகக் கூறுகிறோம். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்ட 1988-ஆம் ஆண்டில், பேருந்துகளில் வந்திறங்கிய யாத்திரிகர்களிடம் இராமேசுவரத்தில் சிப்பி மாலையும் சங்கும் விற்றோம். பிறகு இராமநாதபுரத்தில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கும் கம்போசிட்டர் ஆனோம். கணினி வந்து அந்த வேலையும் போயிற்று. வளைகுடா நாட்டுக்குச் சென்று ஒன்பதாண்டுகள் கடையில் விற்பனையாளராகவும், சரக்கறையில் கணக்கெழுதுபவராகவும் இருந்தோம். ஊர் திரும்பிய பின் கருவாட்டு மண்டியில் கணக்குப் பார்த்தோம். சொந்தமாகத் தொடங்கிய கைப்பேசிக் கடை ஒன்றரை ஆண்டில் மூடப்பட்டது.

“எந்த வேலையிலும் நிலைக்காதவன்” என்று உறவினர் நம்மைக் கூறிய காலம் அது. திருமண வீடுகளில், “இப்போது என்ன செய்கிறீர்கள்?” என்று எவராவது கேட்டுவிடுவார்களோ என்று அஞ்சி, பந்தி முடிந்ததும் விரைந்து வெளியேறியதும் உண்டு. இந்த மஹல்லாவிலும் அவ்வாறு வெளியேறுவோர் சிலர் இருக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து, “இத்தனை ஆண்டும் வீணாயிற்றே” என்று வருந்தும் சகோதரர்களை மனத்தில் கொண்டே இவ்வுரையை அமைத்துள்ளோம்.

வீணாகவில்லை என்பதற்கு இரண்டு பெரியோர்களின் வாழ்க்கையைச் சான்றாகக் கூற விரும்புகிறோம்.

ஒருவர் இம்மண்ணின் மைந்தர், மறைந்த குடியரசுத் தலைவர் டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்கள். 1931-ஆம் ஆண்டு பிறந்த அவர், 1939-ல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது எட்டு வயதை நெருங்கிய சிறுவர். புளியங்கொட்டைக்குத் திடீரெனத் தேவை ஏற்பட்டபோது, அதைப் பொறுக்கிச் சேர்த்துப் பள்ளிவாசல் தெருவில் இருந்த மளிகைக் கடையில் விற்று ஓர் அணா ஈட்டினார். போரினால் இராமேசுவரம் நிலையத்தில் ரயில் நிற்பது தடைப்பட்டது. செய்தித்தாள் கட்டுகள் ஓடும் ரயிலிலிருந்து இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் வீசப்பட்டன. உறவினர் சம்சுதீன் அவர்களுக்கு உதவியாக அக்கட்டுகளைப் பிடித்துச் சேர்த்ததே தமது முதல் ஊதியம் என்று தமது வாழ்க்கை வரலாற்றில் அவர் பெருமையோடு பதிவு செய்துள்ளார்.

மற்றவர் எஸ்.எஸ். வாசன் அவர்கள். திருத்துறைப்பூண்டியில் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, தாயாருடன் சென்னைக்கு வந்தவர். பச்சையப்பன் கல்லூரியில் படிப்பை முடிக்காமலேயே வெளியேறினார். அஞ்சல் வழியே பொருள்களை விற்றார், புத்தகம் வெளியிட்டார், பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துக் கொடுக்கும் முகவராக இருந்தார். நேரில் பாராத மனிதரை எழுத்தால் மட்டுமே வாங்க வைக்க வேண்டிய தொழில் அது. எந்தச் சொல்லுக்குக் கடிதம் வரும், எந்தச் சொல்லுக்கு வராது என்பதை அவர் அங்கேதான் கற்றிருக்க வேண்டும். 1928-ல் நலிந்திருந்த ‘ஆனந்த விகடன்’ இதழை விலைக்கு வாங்கித் தமிழகம் முழுவதும் அறியச் செய்தார். அவர் எழுதிய ‘சதிலீலாவதி’ கதை 1936-ல் திரைப்படமாயிற்று. பின்னர் ஜெமினி ஸ்டூடியோவை நிறுவி, 1948-ல் ‘சந்திரலேகா’வைத் தமிழிலும் இந்தியிலும் வெளியிட்டு, நாடெங்கும் பெரும் விளம்பரம் செய்து காட்டினார். 1969-ல் மறையும்வரை, விளம்பர முகவராக இருந்த காலத்தில் கற்றது அவருக்குத் துணை நின்றது என்று கூறினால் மிகையாகாது.

இவ்விருவருக்கும் இடையே ஓர் அழகிய தொடர்பும் உண்டு. கலாம் அவர்கள் சென்னை எம்.ஐ.டி.யில் பயின்றபோது, நம் விமானத்தை நாமே கட்ட வேண்டும் என்னும் பொருளில் தமிழில் ஒரு கட்டுரை எழுதிப் போட்டியில் முதற்பரிசு பெற்றார். அப்பரிசை வழங்கியவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன் அவர்கள். இராமேசுவரத்தில் செய்தித்தாள் கட்டைப் பிடித்த கை, விளம்பர முகவர் வளர்த்த பத்திரிகையின் ஆசிரியர் கையிலிருந்து பரிசு பெற்றது. எவருடைய எந்த வேலை எங்கே பயன்படும் என்பதை நாம் முன்கூட்டி அறிய இயலாது.

நமது சிறிய அனுபவமும் இதையே கூறுகிறது. சிப்பி மாலை விற்றபோது, வாங்குபவர் முதலில் கேட்கும் கேள்வி எது என்று கற்றோம். ஈய எழுத்தை அடுக்கியபோது, ஒரு வரியில் எத்தனை சொல் அடங்கும் என்றும், ஒற்றுப் பிழை எவ்வளவு மானக்கேடு என்றும் கற்றோம். வளைகுடாவில், வேற்று மொழிக்காரருக்கும் விளங்கும்படி சுருக்கமாகச் சொல்லக் கற்றோம். கருவாட்டு மண்டியில், நெத்திலிக்கும் சாளைக்கும் விலை ஏன் வேறுபடுகிறது, வெயிலில் மணலில் உலர்த்தியதற்கும் பரண் மீது உலர்த்தியதற்கும் என்ன வேறுபாடு என்று கற்றோம். கைப்பேசிக் கடை மூடியபோது, கடனுக்கு விற்பதன் ஆபத்தைக் கற்றோம். இவை அனைத்தும் சேர்ந்தே இன்று நம் பேனாவில் மையாக இருக்கின்றன.

இனி, அந்தத் தவற்றைக் கூறுகிறோம்.

கைப்பேசிக் கடையை மூடிய பின், பழகிய வணிகர்கள் சிலர் நோட்டீஸ் எழுதித் தருமாறு கேட்டார்கள். ஒரு நோட்டீஸுக்கு நூறு ரூபாய் கிடைத்தது. கருப்பட்டி வியாபாரி ஒருவர் வந்தார். நம் மாவட்டத்தில் பனைக்குப் பஞ்சமில்லை. கருப்பட்டி நல்ல பொருள்தான். ஆனால் அதை நாம் சென்று பார்க்கவில்லை, காய்ச்சுமிடத்துக்கும் போகவில்லை. மேசையில் அமர்ந்தபடியே, “சர்க்கரை நோயாளிகளும் அச்சமின்றி உண்ணலாம்” என்று ஒரு வரியைச் சேர்த்தோம். அந்த வரியை வியாபாரி கேட்கவில்லை. எங்கோ எவரோ சொல்லக் கேட்டதை, நோட்டீஸ் எடுப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக நாமே எழுதினோம். நோட்டீஸ் நன்றாக ஓடியது. வியாபாரி மகிழ்ந்து கூடுதலாக ஐம்பது ரூபாய் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து, நம் தெருவில் வசித்த முதியவர் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நெடுநாள் சர்க்கரை நோயாளி. நலம் விசாரிக்கச் சென்றோம். தலையணைக்கு அருகில் மருந்துச் சீட்டுகளோடு நம் நோட்டீஸும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. காலையும் மாலையும் கருப்பட்டிக் காபி அருந்தியிருக்கிறார். “தம்பி, நீங்கள் எழுதியதாகச் சொன்னார்கள். நம் பிள்ளை எழுதினால் விசாரித்துத்தானே எழுதியிருக்கும் என்று நம்பிக் குடித்தேன்” என்றார். அவர் கோபத்தோடு கூறவில்லை. கோபித்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரையே. வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத சில தாதுக்கள் அதில் இருப்பினும், இரத்தத்தில் சர்க்கரையை அது உயர்த்தவே செய்யும். எந்த மருத்துவரிடம் கேட்டிருந்தாலும் ஒரு நிமிடத்தில் கூறியிருப்பார். அந்த ஒரு நிமிடத்தை நாம் செலவிடவில்லை. அம்முதியவர் இறையருளால் நலம் பெற்று வீடு திரும்பினார். ஆயினும் அவருடைய கால் புண் ஆற நெடுங்காலம் ஆயிற்று. அவர் பள்ளிவாசலுக்கு ஊன்றுகோலோடு நடந்து வரும் ஓசையைக் கேட்கும்போதெல்லாம் அந்த ஒரு வரி நம் நினைவுக்கு வந்தது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்தபோது, மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்த நிகழ்ச்சியை ஆலிம்கள் வாயிலாக நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் வணிகரைக் கேட்டார்கள். அந்நிகழ்ச்சியை வணிகருக்குரிய பாடம் என்றே நாம் அதுவரை எண்ணியிருந்தோம். குவியலின் மேல் உலர்ந்த தானியத்தைப் பரப்புகிற கை, விளம்பரம் எழுதுகிற கையாகவும் இருக்கலாம் என்பது அம்மருத்துவமனையில்தான் நமக்கு உறைத்தது.

அந்த நாளில் நாம் வகுத்துக் கொண்ட முறைகளை இத்தொழிலில் இறங்க விரும்பும் இளைஞர்களுக்குக் கூறுகிறோம்.

முதலாவது, பொருளைக் காணாமல் எழுதாதீர்கள். செய்யுமிடத்துக்குச் செல்லுங்கள். எதிலிருந்து செய்கிறார்கள், எத்தனை மணி நேரம் ஆகிறது, எத்தனை நாள் கெடாது, எது வந்தால் கெடும் என்று கேளுங்கள். அப்பொருளின் குறை என்ன என்பதையும் தவறாமல் கேளுங்கள். தம் பொருளின் குறையைச் சொல்லத் தெரிந்தவரிடம்தான் எழுதுவதற்குரிய நிறையும் இருக்கும்.

இரண்டாவது, நோய் தீரும் என்று எழுதாதீர்கள். இதில் சட்டமும் கடுமையானது. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்துள்ளது. உணவுப் பொருளைப் பற்றி மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் செய்தால், உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-ன்படி பத்து இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ம் பொய் விளம்பரத்துக்கு அதே அளவு அபராதத்துக்கு இடமளிக்கிறது. மீண்டும் மீண்டும் செய்தால் அது ஐம்பது இலட்சம் வரை உயரும். நூறு ரூபாய் நோட்டீஸ் ஒரு சிறு வியாபாரியின் குடும்பத்தையே கடனில் தள்ளிவிடக் கூடும்.

மூன்றாவது, அலங்காரச் சொல்லைக் குறைத்து விவரத்தைக் கூட்டுங்கள். “உலகத்தரம்”, “அறுசுவை”, “நம்பர் ஒன்” என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆகையால் அவை எவர் காதிலும் விழுவதில்லை. இராமேசுவரத்தில் சிப்பிக் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு, ரயில் நிலையத்திலிருந்து எத்தனை நிமிட நடை, உடையாமல் கட்டித் தருவார்களா, விலை எதிலிருந்து தொடங்குகிறது என்று மூன்று வரி போதும். 2022 டிசம்பரில் நின்றுபோன ரயில், 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் மீண்டும் தீவுக்குள் வருகிறது. வருகிறவருக்கு வேண்டியவை அந்த மூன்று வரிகளே.

நான்காவது, ஊரின் பெயரை மதித்து எழுதுங்கள். நம் மாவட்டத்தின் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையாகவும் தடித்த தோலோடும் இருக்கும் அம்மிளகாயை வானம் பார்த்த பூமியில் விளைவிக்கும் உழவர்களின் உழைப்புக்குக் கிடைத்த மதிப்பு அது. வேறு மாவட்டத்து மிளகாயை மூட்டையில் கொண்டு வந்து அப்பெயரை எழுதச் சொல்வோருக்கு நாம் எழுதிக் கொடுக்கலாகாது. ஒருவர் செய்யும் பொய்யால் அனைவருடைய பெயரும் கெடும்.

ஐந்தாவது, கூலியை முன்னரே பேசி எழுதி வைத்துக் கொள்ளுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக் கொள்வது பற்றியே பேசுகிறது என்பதையும், எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும் என்று அங்கே வலியுறுத்தப்படுவதையும் ஆலிம்கள் நமக்கு விளக்கியிருக்கிறார்கள். உறவினர், நண்பர் என்று கூலி பேசாமல் எழுதிக் கொடுத்துப் பிறகு மனத்தாங்கல் கொள்வதைவிட, தொடக்கத்திலேயே தெளிவாகப் பேசுவது உறவுக்கும் நல்லது. வருமானம் மாதந்தோறும் ஒரே அளவாக வராது என்பதையும் மறைக்காமல் கூறுகிறோம். நோன்புக் காலமும் பெருநாளும் கை நிறைய வேலை தரும்; சில மாதங்கள் வெறுமையாகக் கழியும். ஆகவே முதல் ஆண்டுகளில் வேறொரு வேலையையும் கைவிடாமல் வைத்திருப்பது அறிவுடைமை.

இம்முறைகளைப் பின்பற்றினால் வியாபாரம் நடக்குமா என்று நீங்கள் கேட்கலாம். ஓர் அனுபவத்தைக் கூறி முடிக்கிறோம்.

கீழக்கரைத் தொதல் நீங்கள் அறியாததன்று. அரிசி மாவையும் தேங்காய்ப் பாலையும் இனிப்பையும் சேர்த்து, கை ஓயாமல் கிண்டி இறக்கும் பண்டம். இலங்கையிலும் மலாய் நாடுகளிலும் தொதோல் என்ற பெயரில் அது வழங்குவதைக் கொண்டே, நம் முன்னோர் கடல் கடந்து செய்த வணிகத்தை அறியலாம். வீட்டிலிருந்தே அதைச் செய்து கடைகளுக்குப் பெயரில்லாமல் கொடுத்து வந்த சகோதரி ஒருவர், கணவரை இழந்தவர், தம் பெயரில் விற்க விரும்பி நம்மை அழைத்தார். அடுப்படி வாசலில் அமர்ந்து ஒரு முற்பகல் முழுவதும் பார்த்தோம். “லாத்தா, இதில் குறை என்ன?” என்று கேட்டோம். “சில நாள் வைத்தால் எண்ணெய் கசியும், தம்பி. கெட்டுப்போனதென்று நினைத்துத் திருப்பிக் கொண்டு வந்துவிடுகிறார்கள். தேங்காய்ப் பால் நிறைய ஊற்றுவதால்தான் அப்படி” என்றார்.

அதையே எழுதினோம். எவற்றால் செய்தது, எத்தனை நாள்களுக்குள் உண்ண வேண்டும் என்ற விவரங்களுக்குக் கீழே, தேங்காய்ப் பாலில் செய்ததால் எண்ணெய் கசியும், அது கெட்டுப்போனதன் அடையாளம் அன்று, புளித்த வாடை வந்தால் உண்ணாதீர்கள் என்று சேர்த்தோம். சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேட்டு உண்ணவும் என்றும் ஒரு வரி எழுதினோம். விற்பனை குறையும் என்று அவருடைய மகன் அஞ்சினார். லாத்தா, “உள்ளதைத்தானே எழுதியிருக்கிறார், இருக்கட்டும்” என்றார். திருப்பிக் கொண்டு வருவது நின்றது. வெளிநாடு செல்வோர் அச்சீட்டைப் படித்துப் பார்த்து வாங்கிச் சென்றார்கள். பெரும் செல்வம் சேர்ந்ததென்று கூற மாட்டோம். ஆனால் இன்று அவர் பெயரில் அவருடைய தொதல் விற்கிறது. உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும் பொட்டலத்தில் இருக்கிறது.

அந்த முதியவரிடம் முதல் சீட்டைக் கொண்டு சென்று காட்டினோம். கண்ணாடியை எடுத்து அணிந்து முழுவதும் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்து, “இது எனக்காகவா தம்பி?” என்று கேட்டார். ஆம் என்றோம். சில ஆண்டுகளுக்கு முன் அவர் மறைந்தார். இறைவன் அவருக்கு மறுமையில் நற்பேற்றை அருள்வானாக.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். நம் மஹல்லாவில் தையல், ஓலைப் பெட்டி, கருவாடு, மிளகாய்ப் பொடி, பலகாரம் என்று வீட்டிலிருந்து தொழில் செய்யும் குடும்பங்கள் பல இருக்கின்றன. யார் என்ன செய்கிறார்கள் என்ற பட்டியல் நம்மிடம் இல்லை. மாதத்தில் ஒரு மாலை, தொழுகைக்குப் பின் மதரஸா அறையில் அவர்களைக் கூட்டினால், அவர்களுக்கு வேண்டிய சீட்டையும் செய்தியையும் கூலியின்றி எழுதிக் கொடுக்கவும், விரும்பும் இளைஞர்களுக்கும் பெண்மக்களுக்கும் இக்கலையைக் கற்றுக் கொடுக்கவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

பல வேலைகள் செய்து எதிலும் நிலைக்கவில்லை என்று வருந்தும் சகோதரர்களே! நீங்கள் செய்த வேலைகள் உங்களுக்குள் இருக்கின்றன. எந்தச் சரக்கு எப்போது கெடும், எந்த வாடிக்கையாளர் எதற்குத் தயங்குவார் என்பதை நீங்கள் அறிவீர்கள். அடுப்படியில் தொதல் கிண்டும் சகோதரிக்கு அந்த அறிவு தேவைப்படுகிறது. அதை எழுத்தாக்கிக் கொடுங்கள். ஆனால் எழுதும் ஒவ்வொரு வரியையும், நம் தெரு முதியவர் ஒருவர் தலையணைக்கு அருகில் மடித்து வைத்துக் கொள்வார் என்று எண்ணி எழுதுங்கள்.

வல்ல இறைவன் நம் அனைவருடைய உழைப்பிலும் பரக்கத்தை வழங்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.